ஸ்பிரிங்கைத் தொடுமுன் கிளாஸைப் பாருங்கள்

"சும்மா லோயரிங் ஸ்பிரிங் மட்டும்தான் அண்ணா போட்டிருக்கு, மத்ததெல்லாம் கம்பெனி கொடுத்ததுதான்" என்றார் அந்தத் தம்பி. டெட்ராய்ட் பக்கம் நான் வேலை பார்க்கும் சஸ்பென்ஷன் பட்டறையில், அலைன்மென்ட் ரேக் மேல் அவருடைய மாஸ்டா மியாட்டா ஏறி நின்றிருந்தது. 2016 முதல் வரும் என்டி தலைமுறை, கிளப் டிரிம் (மாடலுக்குள் கம்பெனி தரும் ரகம்). யாரோ ஓட்டிய வண்டியை வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூன்று ஆட்டோகிராஸ் ஈவென்ட்களில் சி ஸ்ட்ரீட் கிளாஸில் (அதிகம் மாற்றாத வண்டிகளுக்கான போட்டி வகுப்பு) ஓட்டிவிட்டு, அடுத்து நேஷனல் டூர் என்ற தேசிய அளவுப் போட்டிக்குப் பதிவு செய்யப் போவதாகச் சொன்னார். வண்டியைத் தாழ்த்தும் அந்த ஸ்பிரிங் ஒன்று போதும், வண்டி சி ஸ்ட்ரீட்டில் இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

வாரநாட்களில் பட்டறையிலும், சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஈவென்ட்டில் வண்டிகளைச் சோதிக்கும் டெக் இன்ஸ்பெக்‌ஷன் வரிசையிலும் நிற்பதால் இதே பேச்சை அடிக்கடி கேட்கிறேன். யாரும் ஏமாற்ற வருவதில்லை. முதலில் பாகத்தை வாங்கிவிடுகிறார்கள், கிளாஸைப் பிறகு தேடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ளச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்தியாவில் ஆட்டோகிராஸ் என்றால் மண் தரையும் புழுதியும்தான் பலருக்கு நினைவு வரும். பிரிட்டனில் புல்வெளி. அமெரிக்காவில் அது பெரிய பார்க்கிங் லாட்டிலோ பழைய விமானத்தளத்தின் கான்கிரீட்டிலோ ஆரஞ்சு கோன்களை வைத்துப் போடும் பாதை. ஒரு வண்டி, ஒரு கடிகாரம், ஏறக்குறைய ஒரு நிமிட ஓட்டம். கோன் ஒன்றைத் தட்டினால் நேரத்தோடு 2 நொடி கூடும். 1944-இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா, அதாவது எஸ்சிசிஏ, இதை 'சோலோ' என்ற பெயரில் நடத்துகிறது. ஆண்டுக்கொரு முறை நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் நடக்கும் சோலோ நேஷனல்ஸுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் வருகிறார்கள். மற்ற பல கிளப்புகளும் இந்த விதிப்புத்தகத்தை ஒட்டியே ஓட்டுவதால், எங்கே ஓட்டினாலும் அதைப் படித்து வைப்பது வீண்போகாது.

அந்தப் புத்தகத்தின் அடிப்படை ஒன்றே ஒன்று. இதைச் செய்யலாம் என்று எழுதியிருந்தால்தான் செய்யலாம், எழுதவில்லையென்றால் கூடாது. "கூடாதுன்னு எங்கேயும் போடலையே அண்ணா" என்று வாதிடுபவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான். நம்மில் பலர் இதைத் தலைகீழாகப் படிக்கிறோம்.

பிரிவுகள் படிக்கட்டு மாதிரி. கீழே ஸ்ட்ரீட், அதற்கு மேல் ஸ்ட்ரீட் டூரிங், பிறகு ஸ்ட்ரீட் பிரிப்பேர்ட், ஸ்ட்ரீட் மாடிஃபைட், பிரிப்பேர்ட், உச்சியில் மாடிஃபைட். மேலே ஏற ஏறச் செய்யக்கூடிய மாற்றங்கள் கூடும், கூட ஓட்டுபவர்களின் செலவும் கூடும். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் வண்டி மாடலைப் பொறுத்துத் தனித்தனிக் கிளாஸ்கள் உண்டு. உங்கள் மாடல் எதில் வரும் என்பது புத்தகத்தின் கடைசியில் உள்ள பட்டியலில் இருக்கும். பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும், நடுவிலும் திருத்தங்கள் வரும், அதனால் நண்பர் சொன்னதையும் பழைய வீடியோவில் பார்த்ததையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். நடப்பு ஆண்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

லேசாக மாற்றிய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை சிக்கிக்கொள்வது ஸ்ட்ரீட்டுக்கும் ஸ்ட்ரீட் டூரிங்குக்கும் நடுவில். ஆகவே அந்த எல்லைக்கோட்டைச் சற்று நின்று பார்ப்போம்.

ஸ்ட்ரீட் பிரிவு நினைப்பதைவிடத் தாராளமானது. ஷாக் அப்சார்பரை மாற்றலாம், வெளியிலிருந்து இரண்டு விதமாகத் திருகிச் சரிசெய்யும் உயர்ரக ஷாக்கும் செல்லும். திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரில் முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒன்றை மாற்றலாம், இரண்டையும் கூடாது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள எக்ஸாஸ்டை மாற்றலாம். பிரேக் பேட் உங்கள் விருப்பம். வீலின் விட்டம் ஓர் அங்குலம் கூடலாம், ஓர் அங்குலம் குறையலாம். டயர் எதுவானாலும் சரி, பக்கச்சுவரில் டிரெட்வேர் எண் (டயர் தேய்மானத்தைக் குறிக்கும் எண்) 200 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் போன்ற மிக வேகமான டயர்கள் அந்த 200 எண்ணோடுதான் வருகின்றன. (அந்த எண்ணை அரசு சோதித்துத் தருவதில்லை, டயர் கம்பெனிதான் தன் டயருக்குக் கொடுத்துக்கொள்கிறது. 200 எண் கொண்ட இரண்டு டயர்களுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம்.)

எதைத் தொடக்கூடாது? ஸ்பிரிங்கை. வண்டியின் உயரத்தை. வீலின் அகலத்தை. ஏர் ஃபில்டரின் உள்தாளை மாற்றலாம், ஆனால் அதைச் சுற்றியிருக்கும் பெட்டியையும் குழாயையும் கழற்றி கோல்ட் ஏர் இன்டேக் மாட்டக்கூடாது. இசியூவை, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரை, ரீ-ஃபிளாஷ் செய்யக்கூடாது. கேம்பர் (வீலின் உள்-வெளிச் சாய்வு) தரும் தனி ஆர்ம்கள் கூடாது, கம்பெனி கொடுத்த சரிசெய்யும் போல்ட்டில் கிடைக்கிற அளவோடு நிற்க வேண்டும். என்டி மியாட்டாவில் என் கைக்கு முன் வீலில் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பர் அளவில்தான் இருக்கிறது. டயரின் வெளிஓரம் சீக்கிரம் தேயும், அதற்குத் தயாராக இருங்கள்.

இனி அந்தத் தம்பியின் வண்டி. ஸ்பிரிங் மட்டும் என்றாரே. வீலைக் கழற்றி உள்பக்கம் பார்த்தேன். 8ஜே என்று அச்சு, அதாவது 8 அங்குல அகலம். கிளப் டிரிம்முக்குக் கம்பெனி கொடுப்பது 17 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும். கதவு நிலையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் 205/45ஆர்17 என்றது, வண்டியில் இருந்த டயரின் அகலமோ 225. பானட்டைத் திறந்தால் இன்டேக் குழாயும் வெளியில் வாங்கியது. ஸ்பிரிங், வீல், இன்டேக் என்று விதியைத் தாண்டிய மூன்று மாற்றங்கள், மூன்றும் முந்தைய உரிமையாளர் கை. தம்பிக்குத் தெரிந்தது ஒன்று மட்டும். வண்டி தாழ்ந்து அழகாக இருந்ததால் ஸ்பிரிங் மட்டும் கண்ணில் பட்டிருந்தது.

பழைய வண்டி வாங்குபவர்கள் இதை ஒருமுறை முழுதாகச் செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வீலின் உள்பக்க அச்சைப் படியுங்கள். கம்பெனி ஸ்பிரிங்கில் பெயின்ட் கோடுகளோ பாக எண்ணோ இருக்கும், அதைப் பாருங்கள். மிச்சிகனின் பனிக்கால உப்பில் ஓடிய வண்டியென்றால் துரு அதை மறைத்திருக்கும், வயர் பிரஷால் மெல்லத் தேய்த்தால் தெரியும். இரண்டு ஆன்டி-ரோல் பார்களின் தடிமனையும் காலிப்பர் வைத்து அளந்து சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். டிரிம்மையும் ஆப்ஷன் பேக்கேஜையும் விஐஎன் என்ற வண்டியின் அடையாள எண்ணை வைத்து டீலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். அடிமட்ட டிரிம்மை வாங்கி, உயர் டிரிம்மின் ஷாக்கையும் டிஃபரன்ஷியலையும் மட்டும் தேடிப் பூட்டி ஸ்ட்ரீட்டில் ஓட்ட முடியாது. பேக்கேஜ் என்றால் முழு பேக்கேஜும் வந்திருக்க வேண்டும்.

மாற்றங்கள் இருந்தால் என்ன, மேல் கிளாஸில் ஓட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். தாராளமாக ஓட்டலாம். மியாட்டா ஸ்ட்ரீட் டூரிங்கில் எஸ்டிஆர் கிளாஸுக்குப் போகும். ஆனால் அங்கே பக்கத்தில் நிற்கும் வண்டியைப் பாருங்கள். 9 அங்குல வீல், 255 டயர், காயில்ஓவர் (உயரம் சரிசெய்யும் ஸ்பிரிங்-ஷாக் செட்), முன்னாலும் பின்னாலும் புது ஆன்டி-ரோல் பார், ஹெடர் (எஞ்சினிலிருந்து வரும் எக்ஸாஸ்ட் குழாய்), இசியூ டியூன். கிளாஸ் அனுமதிக்கும் எல்லாவற்றையும் கடைசி வரை பயன்படுத்திய வண்டி அது. அதன் எதிரில் வெறும் ஸ்பிரிங்கும் 8 அங்குல வீலும் கொண்ட வண்டி அரைகுறைத் தயாரிப்பு. ஒரே ஒரு பாகம் உங்களை மேல் கிளாஸுக்குத் தள்ளிவிடும், அங்கே ஈடுகொடுக்கும் பலத்தை அது தராது. லேசாக மாற்றிய வண்டிக்காரர் தெரியாமல் கொடுக்கும் பெரிய விலை இதுதான். லோயரிங் ஸ்பிரிங்குகளில் பல தோற்றத்துக்காகச் செய்யப்படுபவை என்பது என் அனுபவம். உயரம் குறைந்து, சஸ்பென்ஷன் அதிகம் இறங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும்போது வண்டி திருப்பத்தின் நடுவே சட்டென்று பிடியை விடும். கிளாஸும் போனது, வேகமும் வரவில்லை.

கணக்காகவே காட்டுகிறேன். வேறு வேறு கிளாஸ் வண்டிகளை ஒப்பிட பாக்ஸ் என்னும் பெருக்கெண் முறை இருக்கிறது. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒன்றுக்குக் குறைவான ஓர் எண், ஓடிய நேரத்தை அதனால் பெருக்க வேண்டும். புரிவதற்காக ஸ்ட்ரீட் கிளாஸுக்கு 0.81, மேல் கிளாஸுக்கு 0.83 என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரீட்டில் 50 நொடி ஓடினால் பாக்ஸ் நேரம் 40.5. மேல் கிளாஸில் அதே 40.5 வர வேண்டுமென்றால் 48.8 நொடியில் ஓடியாக வேண்டும். நீங்கள் வாங்கிய ஸ்பிரிங்கும் வீலும் சேர்ந்து 1.2 நொடியைத் தந்தால்தான் போட்ட காசு சமமாகும். பட்டறையில் நான் பார்த்த ஸ்பிரிங் செட் எதுவும் அதைத் தனியாகத் தந்ததில்லை. நல்ல டயரும் ஒரு சீசன் பழக்கமும் அதற்கு மேலேயே தந்து பார்த்திருக்கிறேன். பல ரீஜன்களில் (கிளப்பின் வட்டாரக் கிளைகளில்) புதியவர்களுக்கென்று தனியாக இருக்கும் நாவிஸ் கிளாஸும் பாக்ஸ் கணக்கில்தான் ஓடுகிறது, ஆகவே கற்றுக்கொள்ளத்தானே வந்தேன் என்பவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

சில வண்டிகளுக்கு வேறு நல்ல வாசல்கள் உண்டு. மஸ்டாங், கமேரோ வைத்திருப்பவர்கள் லேசாக மாற்றியிருந்தால் கேம் என்று அழைக்கப்படும் அமெரிக்க மசில் கார் பிரிவைப் பார்க்கலாம். அங்கே விதிகள் தளர்வு, 200 டிரெட்வேர் டயரும் குறைந்தபட்ச எடையும்தான் பெரிய கட்டுப்பாடு. முதல் தலைமுறை சுபாரு பிஆர்இசட், டொயோட்டா 86 வைத்திருப்பவர்களுக்கு எல்லோரும் ஒரே ஷாக், ஒரே ஸ்பிரிங், ஒரே டயர் போட்டு ஓட்டும் ஸ்பெக் கிளாஸ் உருவானது. செலவுக்கு ஒரு வரம்பு போட்டுக்கொண்டு ஓட்டுநர் திறமையை மட்டும் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல யோசனை இல்லை. உங்கள் ரீஜனில் இன்னும் அந்தக் கிளாஸ் ஓடுகிறதா, எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். தனியாக ஓடி முதலிடம் வாங்குவதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டுச் சாலையில் ஓட்டாதீர்கள். அது உங்களை ஸ்ட்ரீட்டிலிருந்து மட்டுமல்ல, ஸ்ட்ரீட் டூரிங்கிலிருந்தும் வெளியேற்றும். அதோடு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமும் அதைத் தடை செய்கிறது. என் பட்டறைக்கு அப்படி வந்த வண்டிகளை அலைன்மென்ட் செய்யாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த வண்டியின் பின்னால் சிக்னலில் நிற்கும் பிள்ளைகள் மூச்சு விடுவது அந்தப் புகையைத்தான்.

உள்ளூர் ஈவென்ட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு வரும். உண்மைதான், டெக் வரிசையில் நாங்கள் பார்ப்பது பாதுகாப்பை. வீல் நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, வீல் பேரிங் ஆடுகிறதா, பேட்டரி கட்டியிருக்கிறதா, பிரேக் பெடல் கெட்டியாக இருக்கிறதா, வண்டிக்குள் உருளும் பொருள் ஏதாவது கிடக்கிறதா, ஹெல்மெட்டில் ஸ்னெல் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா. கிளாஸ் சரியா என்பதை நாங்கள் பார்ப்பதில்லை. அது ஓட்டுபவரின் நேர்மையில் நிற்கிறது. பெரிய போட்டிகளில் சக ஓட்டுநர் கட்டணம் கட்டி எழுத்துமூலம் புரோட்டஸ்ட் (ஆட்சேபம்) கொடுக்கலாம், ஸ்பிரிங்கைக் கழற்றிக் காட்டச் சொன்னால் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. விதிக்குள் நின்று 0.05 நொடியில் தோற்றவருக்கு, ஜெயித்தவர் வண்டியில் 8 அங்குல வீல் இருந்தது என்று பிறகு தெரிந்தால் அந்தச் சீசனே கசந்துவிடும்.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. "அப்ப மூணு ஈவென்ட்டும் தப்பா ஓட்டியிருக்கேனா அண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று மாலையே ரீஜன் பொறுப்பாளருக்கு எழுதி, தன் நேரங்களை எஸ்டிஆருக்கு மாற்றச் சொன்னார். ஒரு கோப்பை போனது, அதற்காக அவர் வருந்தவில்லை. அலைன்மென்ட்டை அன்று நான் செய்யவில்லை. எந்த ஸ்பிரிங்கோடு ஓட்டுவது என்று முடிவாகாமல் செய்தால் அது இரண்டு தரம் காசு.

முந்தைய உரிமையாளரைத் தேடிப் பிடித்தோம். கம்பெனி ஸ்பிரிங்கும் நான்கு வீலும் இன்டேக் பெட்டியும் அவர் கராஜில் அப்படியே இருந்தன. 8 அங்குல வீலை விற்ற காசில் தம்பி அவற்றை வாங்கி, மீதிப் பணத்தை 205 அளவில் நல்ல 200 டிரெட்வேர் டயருக்குப் போட்டார். பழைய ஸ்பிரிங்கை மாட்டுமுன் அதன் பெயின்ட் கோடுகளையும் எண்ணையும் படம் எடுத்துக்கொண்டார். நடப்பு ஆண்டு விதிப்புத்தகத்தின் சி ஸ்ட்ரீட் பக்கமும் அந்தப் படமும் அச்சாகி இப்போது அவர் டேஷ்போர்டு டிராயரில் இருக்கிறது.