தலைமன்னார் தூரம், எழும்பூர் பக்கம்

2020 மார்ச் கடைசி, ஊரடங்கு அறிவித்த வாரம். பாம்பன் கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்காருங்க மாமா" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "கடக்காத்துல எந்தக் கிருமிடா நிக்கும்?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் அவர் சொன்னது பாதி சரி என்று தெரிந்தது.

நாம் பேசும்போதும் மூச்சுவிடும்போதும் வாயிலிருந்து வரும் நீர்த்துளிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. 100 மைக்ரான் அளவுள்ள துளி, அதாவது ஒரு தலைமுடியின் பருமன், ஐந்தாறு விநாடிகளில் தரைக்கு வந்துவிடும். 5 மைக்ரான் துளி அதே ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். 1 மைக்ரான் என்றால் அசையாத காற்றில் 12 மணி நேரம்கூட மிதக்கும். கொரோனா வைரஸ் இந்தப் பொடித் துளிகளிலும் பயணம் செய்தது. பூட்டிய அறையில் அவை ஊதுபத்திப் புகைபோலச் சேர்ந்துகொண்டே போகும். கடற்கரையில் ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள், இரண்டடி தள்ளி நிற்பவருக்கு மணமே வராது. வாடையோ கச்சானோ, எந்தக் காற்றானாலும் புகையை அள்ளிக்கொண்டு போய்விடும். போதாக்குறைக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் மிச்சமிருக்கும் வைரஸைச் சில நிமிடங்களில் செயலிழக்க வைத்துவிடும். ஆக, கரையில் பெரியவர் ஜெயித்தார்.

ஆனால் இந்தக் கடற்கரையில் யாரும் நாள் முழுக்கக் கரையிலேயே நிற்பதில்லை. ராமேஸ்வரம் விசைப்படகு காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் திரும்பும். படகில் நான்கைந்து பேர். மேல்தளத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், சரி. ராத்திரியில் சின்ன அறைக்குள் முடங்கித் தூங்கும் நேரத்துக்கு அந்தக் காற்று உதவாது. மண்டபம் பக்கத்து நண்டு கம்பெனிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நண்டுச் சதையைப் பிரித்தெடுக்கிறார்கள். சரக்கு கெடாமலிருக்கக் கதவைச் சாத்திக் குளிரூட்டியிருக்கும். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் 2020-ல் இறைச்சி பதப்படுத்தும் ஆலைகளில் தொற்று கூட்டம் கூட்டமாகப் பரவியதற்கு இதே சூழல் ஒரு முக்கியக் காரணம்: குளிர், அடைபட்ட காற்று, தோளோடு தோள். ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தக் கிணறுகளை மாதக்கணக்கில் மூடி வைத்தார்கள். கிணற்று நீரைவிட, ஈரத்துணியோடு ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி நிற்கும் அந்த வரிசைதான் எனக்குக் கவலையாக இருந்தது.

இதைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன பெரிய ஆய்வுகளில் ஒன்று நம் மாநிலத்திலேயே நடந்தது. தொற்றுநோய் ஆய்வாளர் ரமணன் லட்சுமிநாராயண் குழுவினர் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் சுகாதாரப் பணியாளர்கள் தேடிப்பிடித்த 5,75,071 தொடர்புகளின், அதாவது நோயாளிகளோடு நெருங்கிப் பழகியவர்களின், விவரங்களை அலசி, 2020-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். தொற்று வந்தவர்களில் 71 சதவீதம் பேரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று உறுதியாகவில்லை. ஒரே வீட்டில் இருந்தவர்களில் சுமார் 9 சதவீதம் பேருக்கு ஒட்டியது. ஆனால் நோயாளியோடு ஒரே வாகனத்தில் 6 மணி நேரத்துக்கு மேல் நெருங்கி உட்கார்ந்து போனவர்கள்? அந்த 78 பேரில் ஏறக்குறைய 79 சதவீதம். எண்ணிக்கை சிறியது என்பதை மனதில் வைத்துக்கொண்டாலும், இந்த ஒரு வரியைப் படித்த பிறகு ஏசி வேனைப் பார்க்கும் என் பார்வையே மாறிவிட்டது.

வாகனம் என்றதும் தூரம் ஞாபகத்துக்கு வருகிறது. தனுஷ்கோடி முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லை. சென்னையோ ரயிலில் ஓர் இரவுப் பயணம். வரைபடத்தை மட்டும் பார்த்தால் ராமேஸ்வரம் தீவுக்கு நோய் தலைமன்னாரிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் 2020-ல் அந்தப் பக்கம் பயணிகள் கப்பல் ஏது? எழும்பூரில் ஏறினால் விடிந்ததும் ராமேஸ்வரம். டிர்க் பிராக்மன், டிர்க் ஹெல்பிங் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-ல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். ஓர் ஊரிலிருந்து கிளம்புகிறவர்களில் எத்தனை பங்கு பேர் இன்னோர் ஊருக்குப் போகிறார்கள் என்பதை வைத்து அவர்கள் தூரத்தை அளந்தார்கள். நிறையப் பேர் போனால் பக்கம், சிலரே போனால் தூரம். அப்படி அளந்தபோது 2003 சார்ஸும் 2009 பன்றிக்காய்ச்சலும் குளத்தில் கல் விழுந்த அலைபோல ஒழுங்காகப் பரவியது தெரிந்தது. அந்தக் கணக்கில் கீழக்கரைக்கு வளைகுடா நாடுகள் பக்கத்துத் தெரு. வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கும்போது வேறு எப்படி இருக்கும்?

தூரம் காலத்தோடு மாறும் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியதும் இலங்கை சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளோடு காலராவும் அம்மையும் ஏறிவிடக் கூடாதென்று இலங்கை அரசு மண்டபத்தில் முகாம் போட்டு, சில நாட்கள் தங்கவைத்துச் சோதித்த பிறகே கப்பலேற்றியது. இன்றைக்கும் அந்த ஊர்ப்பெயர் மண்டபம் கேம்ப்தான். காலரா உடம்பில் புகுந்தால் ஐந்து நாளுக்குள் வெளியே தெரிந்துவிடும், சில நாள் காவல் போதும். பெரியம்மைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்பதால் அங்கே தடுப்பூசிதான் வேலை செய்தது. கொரோனாவுக்கு 14 நாள் சொன்னதும் இதே கணக்குதான்: அறிகுறி வருகிறவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அதற்குள் வந்துவிடும்.

பரவல் ஊருக்கு ஊர் வேறுபடுவதற்கு இந்தப் போக்குவரத்துத் தூரமும் ஒரு காரணம். 2020 அக்டோபர், நவம்பரில் மாநிலம் முழுக்க ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் (தொற்று வந்து போனதற்கான தடயம்) தேடியபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. நீலகிரியில் 11 சதவீதம், பெரம்பலூரில் 51. ஒரே அரசு, ஒரே ஊரடங்கு!

தொற்றுவது ஒரு கதை, சாவது வேறு கதை. மேலே சொன்ன ஆய்வில் 5 முதல் 17 வயதுள்ள நோயாளிகளில் இறந்தவர்கள் 0.05 சதவீதம், 85-ஐத் தாண்டியவர்களில் 16.6 சதவீதம். வயதுக்கு அடுத்து சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை நிலையாக ஏறியிருந்தால் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும், அழற்சி அடங்காமல் நீளும். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு. மூச்சுத் திணறும் நோயாளிக்கு, ஆக்சிஜன் படுக்கை எத்தனை மணி நேரத்தில் கிடைக்கும் என்பதும் ஓர் ஆபத்துக் காரணிதான். ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியின் திறப்பு விழா 2022 ஜனவரியில். இரண்டு பெரிய அலைகளும் அதற்கு முன்பே வந்து போய்விட்டன. தீவிலிருந்து மதுரை 170 கிலோமீட்டர்.

2021 மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது.

வலை பின்னிய அந்தப் பெரியவருக்கும் வந்தது, அதே 2021 ஏப்ரலில். பேத்தி வளைகாப்புக்கு மதுரைக்கு வேன் வைத்துப் போயிருக்கிறார்கள், பதினோரு பேர், ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு. ஏழு பேருக்கு ஒட்டிக்கொண்டது. தேறி வந்த பிறகு அதே இடத்தில் அதே வலையோடு உட்கார்ந்திருந்தவரிடம், "என்ன மாமா, கடக்காத்து என்னாச்சு?" என்றேன்.

"கடக்காத்துலயா வந்துச்சு? வேனுலதானடா வந்துச்சு" என்றார்.