பாட்டு ஒருவருடையது, பதிவு இன்னொருவருடையது

ஸ்டுடியோவில் ஒரு பாட்டைப் பாடிப் பதிந்து முடித்ததும் அங்கே இரண்டு சொத்துகள் உண்டாகியிருக்கும். மெட்டும் வரிகளும் ஒன்று. அவற்றை இந்தக் குரலில், இந்த வாத்தியங்களோடு பிடித்துவைத்த ஒலிப்பதிவு இன்னொன்று. தொழிலில் இதை மாஸ்டர் என்போம். தியாகராஜர் 1847இல் மறைந்தார். அவர் கீர்த்தனையை யாரும் யாரையும் கேட்காமல் பாடலாம். ஆனால் அதே கீர்த்தனையை ஒருவர் போன வருடம் பாடி வெளியிட்ட பதிவை எடுத்து உங்கள் வீடியோவுக்குப் பின்னணியாக ஓட்ட முடியாது. "பழைய பாட்டுதானே?" என்ற கேள்வி மெட்டுக்குப் பொருந்தும், பதிவுக்குப் பொருந்தாது.

(பலர் இதைக் காப்புரிமை என்கிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கான பேடன்ட். இங்கே பேசுவது பதிப்புரிமை.)

மாஸ்டர் யாருக்குச் சொந்தம்? ரெக்கார்ட் பட்டனை அழுத்தியவருக்கு அல்ல. பதிவை உருவாக்க முன்கை எடுத்து, பொறுப்பையும் ஏற்றவரே தயாரிப்பாளர் என்கிறது 1996ஆம் ஆண்டின் உலகளாவிய ஒலிப்பதிவு ஒப்பந்தம். இந்தியச் சட்டமும் அப்படியே. அமெரிக்காவில் கதை வேறு: எழுத்தில் எதுவும் இல்லையென்றால் பாடியவரும் பதிவை வடிவமைத்தவரும் கூட்டாக உரிமை கோர இடமுண்டு. நண்பர் வீட்டில் காசு வாங்காமல் பதிந்து, காசு கொடுக்காமல் மிக்ஸிங் முடித்த பாட்டுகளில்தான் சிக்கல் அதிகம். முன்கை எடுத்தது யார் என்று அங்கே இரண்டு பேருமே சொல்வார்கள்.

இதற்கு ஒரு பக்கக் காகிதம் போதும். பாட்டின் பெயர், பதிந்த தேதி, யார் என்ன வாசித்தார், கொடுத்த தொகை முழுத் தீர்வா அல்லது ராயல்டியில் பங்கு உண்டா, மாஸ்டர் யாருக்கு. பதிவுக்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். பாட்டு ஓடிய பிறகு அதே கையெழுத்தின் விலை வேறு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தையும் நிலப்பரப்பையும் விட்டுவிடாதீர்கள். இந்தியச் சட்டப்படி, காலம் எழுதாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். நிலப்பரப்பு எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். "எல்லா உரிமையும் கொடுத்துவிட்டேன்" என்று ஒரே வரியில் எழுதி வாங்கியவர்கள் ஆறாம் வருடம் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

இப்போது அடிக்கடி வரும் தலைவலி, இணையத்தில் லீஸுக்கு, அதாவது வாடகை உரிமத்தில், வாங்கிய பீட் (பாடுவதற்கென்று யாரோ தயாரித்து வைத்த பின்னணி இசை). பெரும்பாலான லீஸ்கள் 'உங்களுக்கு மட்டும்' என்ற உரிமையைத் தருவதில்லை. அதே பீட்டை இன்னும் ஐம்பது பேர் வாங்கியிருக்கலாம். அதன்மேல் பாடி, பாட்டைத் தளங்களில் ஏற்றித்தரும் விநியோகஸ்தர் வழியாக யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (பதிவு செய்த ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) ஏற்றினால், மற்ற அத்தனை பேர் வீடியோவிலும் உங்கள் பெயரில் உரிமைகோரல் போய் நிற்கும். பீட் செய்தவரே உங்கள் மேல் புகார் கொடுப்பார், அதில் நியாயமும் இருக்கும். லீஸ் பீட்டில் செய்த பாட்டை வெளியிடும்போது கன்டென்ட் ஐடிக்கான அந்த ஒரு பெட்டியை மட்டும் டிக் செய்யாமல் விடுங்கள்.

சாம்பிள் எடுப்பதில், அதாவது பிறர் பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி உங்கள் பாட்டில் சேர்ப்பதில், "சில விநாடி வரை பரவாயில்லை" என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரமே கிடையாது. ஏறக்குறைய இரண்டு விநாடித் தாளத்துண்டு ஒன்று ஜெர்மனியிலிருந்து ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றியிருந்தால் ஒழிய, மிகச் சிறிய துண்டுக்கும் பதிவின் உரிமையாளர் அனுமதி வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. அதே மெட்டை நீங்களே புதிதாக வாசித்துப் பதிந்தால் மாஸ்டர் அனுமதி தேவையில்லை. மெட்டுக்கான அனுமதி அப்போதும் வேண்டும்.

ஐ.எஸ்.ஆர்.சி எண்ணை உரிமைப் பத்திரமாக நினைப்பவர்கள் உண்டு. அது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் 12 எழுத்துகொண்ட அடையாள எண். முன்னொட்டாக ஐந்து, எண் ஒதுக்கிய ஆண்டுக்கு இரண்டு, வரிசைக்கு ஐந்து. ரீமிக்ஸுக்குப் புது எண் வேண்டும். மாஸ்டர் கைமாறினாலோ பழைய எண்ணே தொடரும். அப்படியிருக்க அது எப்படி உரிமையைக் காட்டும்? தகராறில் கைகொடுப்பது மூலக்கோப்புகள்: மிக்ஸிங் புராஜெக்ட், தனித்தனி டிராக்குகள், தவறிப்போன டேக்குகள்கூட. வெளியான பாட்டை யாரும் டவுன்லோடு செய்துவிடலாம், இருமலோடு நின்றுபோன மூன்றாவது டேக் பதிந்தவரிடம் மட்டுமே இருக்கும். இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள்.

காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். சர்வதேசக் குறைந்தபட்சம் 50 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70, இந்தியாவில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60. 1965இல் வெளியான பதிவின் உரிமை இந்தியாவில் 2025 டிசம்பர் 31 வரைதான். இசையமைப்பாளரோ பாடலாசிரியரோ மறைந்து 60 ஆண்டு ஆகவில்லை என்றால், அந்தப் பதிவை மறுவெளியீடு செய்ய அவர்கள் வாரிசுகளின் கதவை இன்னும் தட்டித்தான் ஆகவேண்டும்.