எங்கள் பிள்ளைகள் கையில் ஊசியைக் கொடுக்காதீர்கள்

காரைக்குடி வட்டாரத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் மருத்துவ உதவியாளர் பயிற்சியைப் பார்த்துக்கொள்கிறேன். அடிப்படையில் நான் நர்ஸ். சேர்க்கை நேரத்தில் புதுவயலில் இருந்தும் தேவகோட்டையில் இருந்தும் பஸ் ஏறி வரும் அம்மாக்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "சிஸ்டர், ஒரு வருசத்துல எம்புள்ள ஊசி போடக் கத்துக்கிருமா?" படிப்பு முடிந்ததும் வேலைக்கு எடுக்க வரும் கிளினிக்காரர்களும், "ஊசி, டிரிப் எல்லாம் போடுவாள்ல?" என்கிறார்கள். பொறுமையாகத்தான் பதில் சொல்லி வந்தேன். அண்மையில் நடந்த ஒன்றுக்குப் பிறகு அந்தப் பொறுமை போய்விட்டது.

எங்களிடம் படித்த ஒரு பெண். பெரிய வளவு வீடு (நடுவில் முற்றம் வைத்த செட்டிநாட்டு வீடு) ஒன்றில் ஆச்சியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குளிக்க வைப்பது, மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது, பிரஷர், சுகர் பார்த்து நோட்டில் எழுதுவது என்று பேசித்தான் அனுப்பினோம். ஆச்சிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த மருமகள் வெளிநாடு கிளம்பினார். "இனி நீயே போட்டுரு, 12 யூனிட்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் ஊருக்கு வந்த மகன், வெளிநாட்டிலிருந்தே இன்சுலின் பாட்டில்கள் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கிவிட்டுத் திரும்பினார். ஊசி மட்டும் பழையபடி உள்ளூர் மருந்துக்கடையில் வாங்கிய சிவப்பு மூடி.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இதற்குள் வயிற்றைக் கலக்கியிருக்கும். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. வெளிநாடுகளில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 30 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு; சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால் மருந்து பாதிக்கும் கீழே குறைந்து சர்க்கரை எகிறும்.

விடிகாலையில் ஆச்சி வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறிக் கிடந்திருக்கிறார். அந்தப் பெண் பதறாமல் விரலில் குத்திப் பார்த்திருக்கிறாள். சர்க்கரை 48, ரொம்பக் குறைவு. ஆச்சிக்கு நினைவு இருந்தது, விழுங்கவும் முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி மெதுவாகப் புகட்டினாள். சமையல்கார அம்மா, "சக்கர வியாதிக்காரவுகளுக்குச் சக்கரயக் கொடுக்குறியே, ஒனக்கு அறிவிருக்கா?" என்று டம்ளரைப் பிடுங்கப் போயிருக்கிறார். இவள் விடவில்லை. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, டாக்டருக்குப் போன் போட்டு, 108-ஐயும் கூப்பிட்டாள். (நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறிவிடும். அதையும் அவள் அறிவாள்.) ஆச்சி நன்றாக இருக்கிறார். அந்தப் பெண்ணைத்தான் "மருந்து மாத்திப் போட்டவள்" என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அன்று வேலை செய்தது. சொல்லிக்கொடுக்காத ஒன்றை, அவள் செய்யவே கூடாத ஒன்றை, வீட்டார் அவள் தலையில் கட்டினார்கள். யார் தவறு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவ உதவியாளர் நர்ஸ் இல்லை. ஓராண்டுச் சான்றிதழால் யாரும் நர்ஸ் ஆக முடியாது. வெள்ளை கோட் போட்டாலும் இல்லை, அக்கம்பக்கத்தில் "நர்சம்மா" என்று கூப்பிட்டாலும் இல்லை. நர்ஸ் என்றால் ஏ.என்.எம். (துணை நர்ஸ், மருத்துவச்சி படிப்பு) இரண்டு வருடம், ஜி.என்.எம். (பொது நர்சிங், மருத்துவச்சி படிப்பு) மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்ற படிப்பை முடித்து, மாநிலக் கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். பதிவு எண் இல்லையென்றால் நர்ஸ் இல்லை. எங்கள் படிப்பு அதற்குக் குறுக்கு வழியும் இல்லை. இதை முடித்துவிட்டு நேரே ஜி.என்.எம். இரண்டாம் வருடத்தில் சேர முடியாது. "ஒரு வருசம் படிச்சா நர்சிங், அரசாங்க வேலை நிச்சயம்" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம், மாநிலக் கவுன்சிலில் பதிய முடியுமா என்று கேளுங்கள். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டிய பணத்தை அங்கே திருப்பி வாங்கவே முடியாது.

அப்புறம் ஒரு வருடமாக என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றால், பிரஷர் பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில், கை நெஞ்சு உயரத்தில். சட்டைக்கையின் மேல் பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றக் கூடாது. பருமனான கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். படியேறி மூச்சு வாங்க வந்தவரை வாசலிலேயே பிடித்துப் பார்த்து, கூடுதலாக மாத்திரை எழுத வைத்த கதை எத்தனையோ உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவது, இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவக்கிறதா என்று பார்ப்பது, சிறுநீர் குறைந்ததைக் கவனித்துச் சொல்வது, ஒழுங்காகக் கை கழுவுவது. இதெல்லாம் பார்க்க வேலையாகவே தெரியாது. படுக்கைப்புண் வந்த பிறகு அறுவை சிகிச்சை டாக்டரிடம் போய் நிற்கும்போதுதான் தெரியும்.

கிளினிக் நடத்துகிறவர்களுக்கு: டிரிப் போட ஆள் வேண்டுமா? பதிவு பெற்ற நர்சை அவருக்குரிய சம்பளம் கொடுத்து வையுங்கள். உதவியாளர் சம்பளத்தில் நர்ஸ் வேலை வாங்கிவிட்டு, ஏதாவது ஆனால் "அந்தப் பொண்ணு போட்டது" என்று கைகாட்டாதீர்கள். போட்ட ஊசிக்கு மறுபடி மூடி மாட்டச் சொல்லாதீர்கள், விரலில் குத்துவது பல நேரம் அப்போதுதான். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ஊசி போக வேண்டியது குத்தினாலும் துளை விழாத வெள்ளை டப்பாவில். கறுப்புக் கவரில் கட்டிக் கொல்லையில் போட்டால், குப்பை அள்ள வருகிறவர் கையில்தான் குத்தும்.

பெற்றோர்களே, உங்களிடம் கோபம் இல்லை, ஒரு வேண்டுகோள் மட்டும். மஞ்சள் காமாலை பி வகைத் தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். பிள்ளை வார்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னால் தொடங்கிவிட வேண்டும். "காச்சல் வந்துரும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

வளவு வீட்டுக்காரர்களுக்கு: இன்சுலினை ஆச்சியே போட்டுக்கொள்ள முடியுமானால் இன்சுலின் பேனா (அளவைத் திருகி வைத்துப் போடும் பேனா போன்ற கருவி) வாங்கிக் கொடுத்துப் பழக்குங்கள். முடியாதென்றால் பதிவு பெற்ற நர்ஸ் வந்து போடட்டும். வெளிநாட்டிலிருந்து மருந்து கொண்டுவந்தால் பாட்டிலில் 40 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா என்று பாருங்கள், சிரிஞ்சிலும் அதே எண் இருக்க வேண்டும். உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் பாருங்கள், இங்கேயும் சில வகை 100-ல் வருகிறது. டாக்டரிடம் காட்டி அளவை எழுதி வாங்கிப் பெட்டியிலேயே ஒட்டிவிடுங்கள். எங்கள் பிள்ளையிடம் ஊசியை நீட்டினால் "மாட்டேன்" என்று சொல்லத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாமல் கல்லூரிக்குப் போன் போடுங்கள், வீட்டுக்கு வந்து போடும் நர்ஸ் யாராவது இருந்தால் சொல்கிறோம்.