அம்மா ஆக எத்தனை நாள்?

என் மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள் காலையில், பக்கத்து வீட்டு ஆயா வழக்கம்போலக் குளிப்பாட்ட வந்தார். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வாழும் தமிழர்கள் நாங்கள் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறோம். சொந்தப் பாட்டி, அடுத்த வீட்டுப் பாட்டி என்ற வித்தியாசமே கிடையாது. தினமும் அவர்தான் பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, குழந்தையை அதன்மேல் படுக்கவைத்து எண்ணெய் தேய்ப்பார். அன்றைக்குப் பலகையை என் பக்கம் நகர்த்தி, "இன்னிக்கு நீ ஊத்து" என்றார். எண்ணெய்ப் பிசுக்கில் குழந்தை வழுக்கியது. என் கை நடுங்கியது. தண்ணீர்ச் சூடு சரியா என்று மூன்று தடவை கேட்டேன். "முழங்கைய வச்சுப் பாரு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அந்த நாட்களில் எனக்குள் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது: இந்தக் குழந்தையின் அம்மா எங்கேயோ வெளியே போயிருக்கிறாள், வந்ததும் பத்திரமாக ஒப்படைத்துவிட வேண்டும். பெற்றவள் நான்தான், தையல் வலி இன்னும் இருக்கிறது, பால் கட்டுகிறது. ஆனாலும் 'அம்மா' என்ற சொல் யாரோ ஒருத்தியின் சட்டை மாதிரி உடம்பில் ஒட்டாமல் தொங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

பல வருடம் கழித்து ரீவா ரூபினின் ஆய்வைப் படித்தபோது நான் அழுதேன். ரூபின் ஓர் அமெரிக்கச் செவிலியர். கர்ப்பிணிகளோடும் பிள்ளை பெற்றவர்களோடும் பேசிப் பேசி, 'நான் அம்மா' என்ற உணர்வு எப்படி உருவாகிறது என்று 1967இல் எழுதினார். முதலில் மற்ற தாய்மாரைப் பார்த்து அப்படியே செய்கிறோம். அடுத்தவர் குழந்தையை மடியில் வாங்கி ஒத்திகை பார்க்கிறோம். வரப்போகும் பிள்ளையைப் பற்றிக் கனவு காண்கிறோம். அப்புறம் ஒவ்வொரு பழக்கத்தையும் நம்மோடு ஒட்டிப் பார்த்து, சரிப்படுவதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுகிறோம். இவற்றோடு அவர் இன்னொன்றையும் சேர்த்தார்: துக்கம். அம்மா ஆகிறவள், அதுவரை தானாக இருந்த பெண்ணுக்காகத் துக்கம் அனுசரிக்கிறாள்.

இதைத்தான் நம் வீடுகளில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. டர்பனில் நம் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த் பகுதியில், பங்களாதேஷ் மார்க்கெட் என்ற சந்தைக்குத் தனியாகப் போய், ஒவ்வொரு கீரைக் கட்டையும் புரட்டிப் பார்த்து, யாருக்கும் நேரம் சொல்லாமல் வீடு திரும்புகிற என் பழைய காலைகளுக்காக நான் ஏங்கினேன். "ராஜாத்தி மாதிரி பிள்ளை இருக்கு, என்ன குறை உனக்கு?" என்றார்கள். பிள்ளைமேல் ஆசையும் இருந்தது, ஏக்கமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதை ரூபின் அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்.

அவருடைய மாணவி ரமோனா மெர்சர் இந்த வேலையை மேலே கொண்டுபோனார். ஆரம்பத்தில் டாக்டரும் நர்சும் பெரியவர்களும் சொல்வதை அட்சரம் பிசகாமல் செய்கிறோம். பிறகு நம் குழந்தைக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்து நம் வழிக்கு மாறுகிறோம். கடைசியில் ஒருநாள், இது என் பிள்ளை, இவளை எனக்குத் தெரியும் என்ற நிம்மதி வருகிறது. முதல் பிள்ளை பெற்றவர்களில் பலருக்கு இது நான்காம் மாத வாக்கில் வருவதாக மெர்சர் கண்டார். சிலருக்கு ஒரு வருடம் ஆகியும் வருவதில்லை. பன்னிரண்டாம் நாளில் எனக்கு வராததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மனம் இப்படி மெதுவாக நகர்கிறபோது மூளையும் சும்மா இருப்பதில்லை. பார்சிலோனாவில் எல்செலின் ஹூக்செமாவும் அவர் குழுவும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், முதல் முறை தாயாகிய 25 பெண்களின் மூளையைக் கருவுறும் முன்பும் பிரசவத்துக்குப் பிறகும் எம்ஆர்ஐ எடுத்து ஒப்பிட்டார்கள். அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்க உதவும் இடங்களில் சாம்பல் நிறப் பகுதியின் அளவு குறைந்திருந்தது. கருவுறாத பெண்களின் படங்களோடு சேர்த்து வைத்தபோது, படத்தை மட்டும் பார்த்தே யார் கருவுற்றிருந்தார்கள், யார் இல்லை என்று கணினி பிரித்துவிட்டது. இரண்டு வருடம் கழித்தும் அந்தக் குறைவு பெரும்பாலும் அப்படியே இருந்தது.

குறைந்தது என்றதும் பதற வேண்டாம். ஞாபகசக்திச் சோதனைகளில் இவர்கள் பின்தங்கவில்லை. பருவ வயதிலும் மூளையில் இதே போலக் குறைவு நடக்கிறது. மல்லிகைச் செடியைக் கவாத்து செய்கிற மாதிரி, தேவையான இணைப்புகளுக்கு இடம் விட்டு மற்றதை மூளை கழித்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குறைவு அதிகமாக இருந்தவர்களிடம் பிள்ளைமேல் பிணைப்பும் பொதுவாகக் கூடுதலாகவே தெரிந்தது. 2024இல் எலிசபெத் கிராஸ்டில் என்ற நரம்பியல் ஆய்வாளரின் மூளைப் படங்கள் வெளியாயின. கருவுறும் முன்பிருந்து பிரசவமாகி இரண்டு வருடம் வரை அவரை 26 முறை ஸ்கேன் செய்திருந்தார்கள். வாரத்துக்கு வாரம் மாற்றம் தெரிந்தது.

அப்படியானால் எல்லாம் கர்ப்பத்து ஹார்மோன்களின் வேலையா? கிடையாது. குழந்தையைத் தொட்டுத் தூக்கிப் பார்த்துக்கொள்வதற்கும் மூளை மாறுகிறது. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழு 2014இல் தகப்பன்மாரை ஆராய்ந்தது. தாய் இல்லாமல் கைக்குழந்தையை வளர்த்த ஆண்களின் மூளையில், தாய்மாருக்குப் போலவே, உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி விழித்திருந்தது. பிள்ளையைக் கவனித்த நேரம் கூடக் கூட, அடுத்தவரைப் புரிந்துகொள்ள உதவும் பகுதியோடு அது கொண்ட இணைப்பும் பலமாக இருந்தது. தத்தெடுத்தவளைப் பார்த்து "பெத்தவளுக்குத்தான் தெரியும்" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குளிப்பாட்டுவது, ஏப்பம் எடுப்பது, அழுகையில் பசி எது தூக்கம் எது என்று பிரிப்பது, இந்தக் கைவேலைதான் அம்மாவை உண்டாக்குகிறது. பலகையை என் பக்கம் நகர்த்திய ஆயாவுக்கு இது எந்த ஆய்வும் இல்லாமல் தெரிந்திருந்தது.

அந்தக் கைவேலையைப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். நம் ஊரில் அந்த ஆளைப் பிடுங்கி எடுத்த கதை ஒன்று உண்டு. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் கேட்டோ மேனர், மேகசின் பாரக்ஸ் போன்ற இடங்களில் கூட்டமாக வாழ்ந்த நம் குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வர்த்துக்கு மாற்றப்பட்டன. புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் என்று கணக்குப் போட்டுக் கட்டிய சின்ன வீடுகள் அவை. ஒரே கூரையின் கீழ் இருந்த மாமியாரும் ஓரகத்தியும் வேறு தெருவுக்கு, வேறு யூனிட்டுக்குப் போனார்கள். பிள்ளை பெற்றவள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கேட்க அடுத்த அறையில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு ஆயாக்கள் இன்றும் கூப்பிடாமலே வருவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கேப் டவுனுக்குப் பக்கத்தில் உள்ள காயெலிட்ஷாவில் 1999இல் வெளியான ஆய்வு, பிரசவமாகி இரண்டு மாதம் ஆன தாய்மாரில் சுமார் 35 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்ததாகச் சொன்னது. மூன்றில் ஒருத்திக்கும் மேல்! என் பிரசவத்துக்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் குழந்தையை எடை போட்டார்கள், ஊசி போட்டார்கள். எனக்குத் தூக்கம் வருகிறதா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அதே காயெலிட்ஷாவில் பிறகு 449 பெண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது; முடிவு 2009இல் வந்தது. அந்தப் பகுதிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை வீடு தேடி அனுப்பினார்கள். டாக்டர்களோ நர்சுகளோ இல்லை, பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ள அக்கம்பக்கத்துப் பெண்கள். ஒன்றரை வயதில் பார்த்தபோது, அவர்கள் போய் வந்த வீடுகளில் 74 சதவீதக் குழந்தைகள் தாயோடு பத்திரமான பிணைப்பில் இருந்தார்கள். மற்ற வீடுகளில் 63 சதவீதம்.

இவ்வளவும் ஆன பிறகு, 'நான் அம்மா' என்ற உணர்வு அப்படியே நிலைத்துவிடுமா? மெர்சர் 2004இல் தன் பழைய கருத்தையே திருத்தினார். அதுவரை 'தாயின் பாத்திரத்தை அடைதல்' என்று சொல்லிவந்ததை 'தாயாக ஆகிக்கொண்டிருத்தல்' என்று மாற்றச் சொன்னார், ஏனென்றால் பிள்ளை மாற மாற அம்மாவும் மறுபடி புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். போன மாதம் அந்தக் கதவுக்கு வெளியே நின்றபோது, எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்த பன்னிரண்டாம் நாள்தான் ஞாபகம் வந்தது. மறுபடியும் மற்ற அம்மாக்களைக் கவனிக்கிறேன், பதினைந்து பதினாறு வயதுப் பெண் பிள்ளை வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறேன்.

ஆயாவுக்கு முழங்கால் போய்விட்டது, பலகையில் உட்கார முடியவில்லை. எதிர் வீட்டில் புதிதாகப் பிள்ளை பெற்ற பெண் சனிக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆயா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பலகையைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"சூடு சரியா இருக்கா ஆயா?" என்று கேட்டாள் அவள்.

ஆயா பதில் சொல்லவில்லை. தன் முழங்கையைத் தட்டிக் காட்டினார்.