பண்பாட்டுச் சாய்வு: சொல் விளக்கம்

'கல்ச்சுரல் பயஸ்' என்ற உளவியல் கலைச்சொல்லைச் சிலர் பண்பாட்டுச் சார்பு என்கிறார்கள், சிலர் கலாச்சாரப் பாரபட்சம் என்கிறார்கள். இரண்டிலும் இடறல் இருக்கிறது. பண்பாட்டுச் சாய்வு என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்வதற்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம்.

ஒரு சமூகத்தாரின் வாழ்முறையையே மனித இயல்பாக எடுத்துக்கொண்டு ஆய்வைக் கட்டினால், அதன் முடிவுகள் ஒரு பக்கமாகப் பிறழும். அந்தப் பிறழ்ச்சிதான் பண்பாட்டுச் சாய்வு. அது கேள்வியில் இருக்கலாம், ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருக்கலாம், விடைக்கு மதிப்பெண் போட்ட விதத்திலும் இருக்கலாம். 'ஒரு பக்கமாக' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தற்செயலாக நேரும் பிழைகள் கூடியும் குறைந்தும் வருவதால், நிறையப் பேரைச் சோதிக்கும்போது ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சாய்வு அப்படிக் கரையாது. அதே வகை மனிதர்களில் இன்னும் ஆயிரம் பேரைச் சேர்த்தால், தவறான முடிவின்மீது நம்பிக்கைதான் கூடும்.

மூலச்சொல்லின் வரலாற்றிலும் இந்தப் பொருள் கிடக்கிறது. பிரெஞ்சு மொழியில் 'பியே' என்றால் சரிவு, குறுக்குச் சாய்வு. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் 'போல்ஸ்' ஆட்டத்தில் ஊன்றிக்கொண்டது. அந்தப் பந்து ஒரு பக்கம் கனமாகவோ ஒருபுறம் சற்று மாறிய வடிவிலோ செய்யப்பட்டிருக்கும். அதனால் நேராக உருட்டினாலும் வளைந்தே ஓடும். அந்த அமைப்புக்கும் அது தரும் வளைவுக்கும் பயஸ் என்று பெயர். மனத்தின் ஒருதலைப் போக்கு என்ற பொருள் அங்கிருந்து கிளைத்தது. புள்ளியியல் பிற்காலத்தில் எடுத்துக்கொண்டது. ஆய்வாளர் நேர்மையானவராக இருந்தும் ஆய்வு கோணிப்போவதை விளக்க இதைவிடப் பொருத்தமான பிறப்பு ஒரு சொல்லுக்கு வாய்க்காது.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, ராபர்ட் யெர்க்ஸ் தலைமையிலான உளவியலாளர்கள் சுமார் 17 லட்சம் படைவீரர்களுக்கு அறிவுத்திறன் சோதனை நடத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஆங்கிலம் அறியாத குடியேறிகளுக்கும் 'பீட்டா' என்ற படச் சோதனை. எழுத்தைத் தவிர்த்துவிட்டால் எல்லோருக்கும் பொதுவாகிவிடும் என்பது எண்ணம். படத்தில் விடுபட்டதை வரைந்து நிரப்புவது அதில் ஒரு பகுதி. அந்தப் படங்களுள் ஒன்று டென்னிஸ் ஆட்டம், விடுபட்டது வலை. டென்னிஸையே பார்த்திராத ஓர் உழவர், அங்கே வலை இருக்க வேண்டும் என்பதை எந்த அறிவைக் கொண்டு கண்டுபிடிப்பார்? 1923இல் கார்ல் பிரிகம் இந்தத் தரவுகளை வைத்துக்கொண்டு, தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று நூல் எழுதினார். மறு ஆண்டு வந்த குடியேற்றச் சட்டம் அந்தப் பகுதியினரின் வருகையைக் கடுமையாகக் குறைத்தது. 1930இல் பிரிகமே தம் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சட்டத்தின் நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையோ 1965 வரை நீடித்தது. வலையில்லாத அந்தப் படத்தை எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

மதிப்பெண் போடுவதிலுள்ள சாய்வுக்கு லைபீரியாவின் கெபெல்லே மக்களிடம் நடந்த ஆய்வு நல்ல சான்று. மைக்கேல் கோலும் ஜோசப் கிளிக்கும் அவர்களிடம் உணவுப் பொருள்கள், கருவிகள் முதலியவற்றைக் கொடுத்து, ஒன்றோடொன்று சேர்வனவற்றைத் தனித்தனியாக வைக்கச் சொன்னார்கள். அவர்கள் உணவை உணவோடும் கருவியைக் கருவியோடும் வைக்கவில்லை. ஆரஞ்சை வெட்டுவது கத்தி என்பதால் இரண்டையும் சேர்த்து வைத்தார்கள்; விவரமுள்ளவர் இப்படித்தான் செய்வார் என்றும் சொன்னார்கள். விவரமில்லாதவர் எப்படி வைப்பார் என்று கேட்டபோது, ஆய்வாளர்கள் எதிர்பார்த்த வரிசை அப்படியே வந்தது. அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போயிருந்தால், வகைப்படுத்தத் தெரியாதவர்கள் என்ற பட்டம்தான் அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

ஆட்தேர்விலுள்ள சாய்வை எண்ணிக் காட்டியவர் ஜெஃப்ரி ஆர்னெட். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு முக்கிய இதழ்களை அவர் ஆராய்ந்தார். 2003 முதல் 2007 வரை அவற்றில் வெளியான ஆய்வுகளின் மாதிரிகளில் 96 விழுக்காடு மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவை என்று 2008இல் எழுதினார். அமெரிக்கா மட்டுமே 68 விழுக்காடு. 2010இல் ஹென்ரிக், ஹைன், நோரன்சயன் ஆகிய மூவரும், மேற்கத்திய, கல்வி பெற்ற, தொழில்மயமான, செல்வமுள்ள, ஜனநாயகச் சமூகங்கள் என்ற ஐந்து அடைமொழிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'வியர்ட்' என்ற பெயரைச் சூட்டினார்கள். ஆங்கிலத்தில் அது விசித்திரம் என்றும் பொருள்படும். மனித குலத்தின் பொதுமாதிரி என்று எண்ணப்பட்டவர்கள் பல அளவீடுகளில் விதிவிலக்காகவே நிற்கிறார்கள் என்பது அவர்கள் வாதம்.

இனித் தமிழ்ச்சொல்லுக்கு வருகிறேன். பண்பாடு என்பதில் சிக்கல் இல்லை. பண்படுத்துதல் என்ற உழவுப்பொருள் அதனருகே நிற்கிறது. லத்தீன் மூலச்சொல்லின் பொருளும் உழுது பயிரிடுவதே. சிக்கலெல்லாம் அடுத்த சொல்லில்தான். பாரபட்சத்தில் உள்ள 'பட்சம்' வடமொழியில் சிறகையும் பக்கத்தையும் குறிப்பது. தமிழ் வழக்கில் பாரபட்சம் என்றால் வேண்டியவருக்கு ஒன்று, வேண்டாதவருக்கு ஒன்று என்று அறிந்தே செய்வது. அந்தச் சொல்லைப் போட்டதும் ஆய்வாளரின் நேர்மைமீது குற்றம் சுமத்துவதாகிவிடும். சார்பு என்பதில் வேறு தொல்லை. பண்பாடுகளை அவற்றின் அளவுகோலாலேயே மதிக்க வேண்டும் என்ற கொள்கைக்கு ஏற்கெனவே பண்பாட்டுச் சார்பியம் என்று பெயர் இருக்கிறது. நோயும் அதற்கு மாற்றாக வந்த கொள்கையும் ஒரே சொல்லைப் பங்குபோட்டுக்கொண்டால் மாணவர் குழம்பாமல் என்ன செய்வார்?

மிகப் பழைய சொல் ஒன்று உண்டு: கோட்டம். வளைவு என்பது அதன் பொருள். நடுவுநிலைமை அதிகாரத்தில் 'ஒருபால் கோடாமை' என்று தராசைக் காட்டும் குறளை அடுத்து, 'சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்' என்று வருகிறது. ஆனால் இன்று கோட்டம் என்றதும் ரயில்வே கோட்டமும் நினைவுக் கட்டடங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனால் முதன்மைச் சொல்லாகச் சாய்வே தெளிவு. நோக்கத்தைக் குற்றஞ்சாட்டாமல் திசையை மட்டும் அது காட்டுகிறது. சாய்வுள்ள மாதிரி, சாய்வற்ற வினா, சாய்வைக் குறைத்தல் என்று இயல்பாகவும் நீள்கிறது.

இருந்தாலும் சொல்லில் உள்ள வளைவு சொற்கோட்டம், உள்ளத்தில் உள்ள வளைவு உட்கோட்டம் என்று குறள் பிரித்துவைத்த அந்த இரண்டு சொற்களையும் உளவியல் தமிழ் கைவிடக் கூடாது. வினாத்தாளை வேறு மொழியில் பெயர்த்து, இன்னொருவரைக் கொண்டு மூலமொழிக்கே திரும்பப் பெயர்த்து ஒப்பிடும் முறையை ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் விரித்து எழுதினார். அது திருத்துவது சொற்கோட்டத்தை. அறிவுத்திறன் என்றால் என்ன, நலமான மனம் எது என்ற வரையறையே ஓரிடத்து வாழ்க்கையிலிருந்து வந்திருந்தால், எத்தனை முறை பெயர்த்தாலும் உட்கோட்டம் அப்படியே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, சோதிக்கப்படும் மக்களிடமே அந்த வரையறையைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.