கார் சீட்டை விமானத்துக்குள் கொண்டுபோகலாமா? விதி சொல்வது இதுதான்

கைக்குழந்தையோடு விமானம் ஏறப்போகிறவர்கள் முதலில் தேடுவது எடை குறைந்த, மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய, குழந்தையைக் காரில் கட்டி உட்கார வைக்கிற கார் சீட்டைத்தான். தப்பில்லை. ஆனால் வாங்கும் முன் அதைத் திருப்பிப்போட்டு, பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். விமானத்துக்குள் யாராவது தடுத்தால் உங்கள் பக்கம் பேச அது ஒன்றுதான் இருக்கும்.

அமெரிக்காவில் விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் அமைப்பான எஃப்.ஏ.ஏ. விதிப்படி, மோட்டார் வாகனத்திலும் விமானத்திலும் பயன்படுத்தச் சான்றளிக்கப்பட்டது என்று சிவப்பு எழுத்தில் லேபிளில் இருக்க வேண்டும். வெளிநாட்டு அரசு அங்கீகரித்ததாகவோ ஐ.நா. தரத்தின்படி செய்ததாகவோ லேபிள் இருந்தாலும் ஏற்பார்கள். குழந்தைக்குத் தனி டிக்கெட் எடுத்து, அதன் எடைக்கும் உயரத்துக்கும் பொருந்துகிற, லேபிள் உள்ள சீட்டைக் கொண்டுபோனால், அமெரிக்க விமான நிறுவனம் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல முடியாது. குறிப்பிட்ட இருக்கையில் பொருந்தவில்லையா, அதே வகுப்பில் பொருந்துகிற வேறு இருக்கைக்கு மாற்றிக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. டிக்கெட் எடுக்கவில்லை, பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது என்றால் கேட்டுப் பார்க்கலாம், பல நேரம் விடுவார்கள். ஆனால் அது உரிமை கிடையாது, அவர்கள் தயவு.

இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே பறக்கலாமே, தனி டிக்கெட் எதற்கு என்று கேட்பீர்கள். விதி அனுமதிக்கிறதுதான். ஆனால் பத்துக் கிலோ குழந்தை, மூன்று ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு அளவுக்கு ஒரு உலுக்கல் வந்தால் அந்தக் கணத்தில் முப்பது கிலோ போலக் கையை இழுக்கும், எந்த அம்மா அப்பாவாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. 1989-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து சூ சிட்டியில் யுனைட்டெட் விமானம் விபத்தில் சிக்கியபோது மடியில் இருந்த குழந்தைகளில் ஒன்று இறந்தது. அப்போதிருந்தே அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் மடிப்பயணத்தை நிறுத்தச் சொல்லி வருகிறது. எஃப்.ஏ.ஏ.வும் குழந்தையைத் தனிச் சீட்டில் கட்டி உட்கார வைப்பதுதான் பாதுகாப்பு என்று சொல்கிறது, ஆனாலும் கட்டாயமாக்கவில்லை. கூடுதல் டிக்கெட் செலவுக்குப் பயந்து குடும்பங்கள் காரில் கிளம்பிவிட்டால் சாலையில் அதைவிட அதிகம் பேர் சாவார்கள் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரியாகவே இருக்கலாம். அதற்காக டிக்கெட் வாங்க முடிந்தவர்களும் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டுமா என்ன?

இன்னொன்று, போகும்போது இரண்டு வயது ஆகாமல் இருந்து, ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும் முன் பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பும் விமானத்தில் தனி இருக்கை எடுத்தே ஆக வேண்டும்.

சரி, எந்தச் சீட் வாங்குவது? பலர் ஏமாறுவது ஐசோஃபிக்ஸ் விஷயத்தில், அதாவது பெல்ட் இல்லாமல் கார் இருக்கையிலேயே இருக்கும் கொக்கியில் சீட்டைப் பூட்டும் முறையில். காரில் அந்தக் கொக்கியில் டக்கென்று மாட்டிவிடலாம், விமான இருக்கையில் அப்படிக் கொக்கி கிடையாது. இடுப்புப் பெல்ட் மட்டும்தான் உண்டு. ஐசோஃபிக்ஸில் மட்டுமே பொருத்த முடிகிற சீட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அங்கே வெறும் சுமை. இடுப்புப் பெல்ட்டால் மட்டுமே கட்ட முடியுமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பூஸ்டர் (கார் பெல்ட் சரியாகப் படியும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை), காற்றடைக்கும் பூஸ்டர், உடம்பில் மாட்டும் சட்டை மாதிரியான பெல்ட் எல்லாம் காருக்கு நல்லதாக இருக்கலாம், எடையும் குறைவு. ஆனால் பூஸ்டருக்குத் தோள் பெல்ட் வேண்டும், விமானத்தின் சாதாரண இருக்கையில் அது இல்லை. டேக் ஆஃப், லேண்டிங் நேரத்தில் இவற்றைப் பயன்படுத்த அனுமதி இல்லை. போய்ச் சேரும் இடத்தில் தேவை என்றால் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கொஞ்சம் வளர்ந்த, 10 முதல் 20 கிலோ எடையும் சுமார் ஒரு மீட்டருக்குள் உயரமும் உள்ள குழந்தைக்கு, கேர்ஸ் என்ற பெல்ட் தொகுப்பை எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்திருக்கிறது. இருக்கையின் முதுகைச் சுற்றிக் கட்டுவது, கைப்பையில் அடங்கிவிடும். விமானத்தில் மட்டும்தான் செல்லும், இறங்கிக் காரில் ஏறினால் வேறு சீட் தேடணும். இந்த ஒரு குறைக்காகவே எனக்கு மடக்குகிற கார் சீட்தான் மேல் என்று தோன்றும்.

அகலத்தையும் அளந்துவிடுங்கள். 16 அங்குலத்துக்குள் இருந்தால் பெரும்பாலான விமான இருக்கைகளில் உட்காரும். ஒவ்வொரு விமான வகைக்கும் இருக்கை அகலம் என்ன என்பதை அமெரிக்க விமான நிறுவனங்கள் இணையத்தில் போட வேண்டும் என்று விதியே இருக்கிறது. 9 கிலோவுக்குள் உள்ள குழந்தை பின்பக்கம் பார்த்தபடி உட்கார வேண்டும் என்பதால் முன்னால் இருப்பவர் சாய முடியாமல் போகலாம், அந்த இருக்கையில் நம் வீட்டு ஆளே உட்கார்ந்துவிட்டால் வம்பில்லை. சீட்டை ஜன்னலோரம் வைப்பது வழக்கம், யாரும் வெளியேறும் பாதையை அது மறிக்கக் கூடாது என்பதே காரணம். அவசர வழி வரிசையில் இடம் கிடையாது. பெல்ட்டுக்குள் காற்றுப்பை வைத்த இருக்கைகளில் பொருத்த முடியாமல் போகலாம், முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

நாட்டுக்கு நாடு விதி மாறும். ஐரோப்பாவில் மடியில் இருக்கும் குழந்தைக்கு, பெரியவர் பெல்ட்டில் கோர்க்கும் வளையப் பெல்ட் கட்டாயம். அமெரிக்க விமானங்களில் டேக் ஆஃப், லேண்டிங்கில் அதே பெல்ட்டுக்குத் தடை! இரண்டு நிறுவனங்களின் விமானங்களில் மாறிப் போகிறவர்கள் இரண்டு பேரிடமும் சீட்டின் மாடல் பெயரைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வழியாகச் சீட்டை லக்கேஜில் போட்டுவிட்டீர்கள் என்றால், வந்ததும் விரிசல் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். சர்வதேசப் பயணத்தில், விமான நிறுவனங்களின் பொறுப்பை வகுக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதமான லக்கேஜுக்கான புகாரை அது கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், போட்டோவோடு கொடுத்தால் நல்லது.