கை கழிப்பதைக் கால் தின்னும்: பனியில்லா மாதங்களில் ஸ்கீ வீரர்கள்

2025இல் நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் நகரில் நடந்த நோர்டிக் ஸ்கீ உலக சாம்பியன்ஷிப்பில், அந்நாட்டின் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ வீரர் யோஹன்னஸ் கிளேபோ தான் இறங்கிய 6 பந்தயங்களிலும் தங்கம் வென்றார். கடைசிப் பந்தயம் 50 கிலோமீட்டர். அந்தக் காணொலிகளைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பனி கொட்டுவது நாலைந்து மாதம். மீதி மாதமெல்லாம் இவர்கள் என்ன செய்வார்கள்? தண்ணீரில்லாமல் நீச்சல் பழக முடியாதே?"

பழகுகிறார்கள். சொல்லப்போனால் பனி இல்லாத மாதங்களில்தான் அதிகம் பழகுகிறார்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் என்பது மலையுச்சியிலிருந்து சரிந்து இறங்குகிற ஆட்டம் அல்ல. ஏற்றம், சமதளம், இறக்கம் மூன்றும் கலந்த பாதையைச் சொந்த பலத்தில் கடக்க வேண்டும். கையில் இரண்டு கோல், காலில் இரண்டு ஸ்கீ. குதிகால் ஸ்கீயோடு பூட்டப்பட்டிருக்காது, அதனால் நடக்கவும் ஓடவும் முடியும். மாரத்தான் ஓட்டக்காரருக்குக் கால்தான் எஞ்சின். இவர்களுக்குக் கால், இடுப்பு, வயிறு, முதுகு, கை எல்லாமே எஞ்சின். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

உலகக் கோப்பைப் பந்தயங்கள் நவம்பர் கடைசியில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஏப்ரலில் ஓய்வு. மே 1 இவர்களுக்குப் புத்தாண்டு: பயிற்சி நாட்குறிப்பில் புதுப் பக்கம். நார்வே வீராங்கனை மாரிட் பியோர்கன் குளிர்கால ஒலிம்பிக்கில் 15 பதக்கங்கள் வாங்கியவர். அவர் வருடக்கணக்காக எழுதிவைத்த நாட்குறிப்புகளை ஆய்வாளர்கள் எடுத்து அலசி 2017இல் வெளியிட்டார்கள். 20 வயதில் வருடத்துக்கு 522 மணி நேரம் பயிற்சி செய்தவர், 35 வயதில் 940 மணி நேரத்துக்கு வந்திருந்தார். அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை, பெரும்பாலும் பனி இல்லாத நிலத்தில்.

என்ன செய்தார்கள் அந்த மணி நேரமெல்லாம்? ரோலர் ஸ்கீ முதலில். முழங்கை முதல் விரல்நுனி வரையிலான நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகமான ஒரு சட்டம், முன்னும் பின்னும் ரப்பர் சக்கரம், தார்ச்சாலையில் குத்தி நிற்கக் கோல்களுக்குக் கடினமான உலோக முனை. பெரும்பாலானவற்றில் பிரேக் கிடையாது. விழுந்தால் பனி அல்ல, தார். கையும் காலும் மாறி மாறி இயங்கும் பாரம்பரிய நடைக்கான ரோலர் ஸ்கீயில் ஒரு சக்கரம் பின்னோக்கிச் சுழலாதபடி பூட்டு இருக்கும். பயிற்சியாளர்களுக்கு அந்தப் பூட்டின் மேல் ஒரு புகார் உண்டு. பனியில் ஸ்கீயின் நடுப்பகுதியைச் சரியான நேரத்தில் அழுத்தினால்தான் அடியில் பூசிய மெழுகு பனியைப் பிடிக்கும். இதில் எப்படி உதைத்தாலும் பிடித்துக்கொள்ளும். சோம்பேறித்தனமாக உதைத்துப் பழகிவிட்டுக் குளிர்காலத்தில் வழுக்குவார்கள்.

அப்புறம் ஓட்டம். சாலையில் அல்ல, சதுப்பு நிலத்தில். நார்வேயின் மலைப்பகுதிகளில் பாசி மூடிய ஈரநிலங்கள் நிறைய உண்டு. கால் புதையும், ஒவ்வோர் அடியும் கனக்கும், ஆனால் மூட்டுக்கு அதிர்ச்சி இருக்காது. ஏற்றங்களில் கோல்களை ஊன்றித் தாவித் தாவி ஏறும் பயிற்சி ஒன்று உண்டு. அதற்கு மூஸ் மானின் பெயரை வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க மலை நடை போவதும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும். 1868இல் தொடங்கிய நார்வே மலையேற்றச் சங்கம் பாறைகளில் சிவப்பில் 'T' வடிவக் குறி போட்டுவைத்திருக்கிறது. அதைப் பின்தொடர்ந்து குடிலுக்குக் குடில் போகலாம். ஆகஸ்டில் சதுப்பில் மஞ்சள் நிற கிளவுட்பெர்ரி பழுத்திருக்கும், பறித்துத் தின்றபடி நடக்கலாம். இதற்குப் பெயர் கடும் பயிற்சி என்றால் எனக்கும் ஒரு விண்ணப்பம் கொடுங்கள்.

பனியை விட மனமில்லாதவர்கள் அதைத் தேடிப் போவார்கள். நார்வேயில் 1,434 மீட்டர் உயரத்தில் உள்ள சோங்னெஃபியெல் கணவாய்ச் சாலையருகே ஜூனிலும் பனி இருக்கும். அமெரிக்க அணியினர் அலாஸ்காவின் ஈகிள் பனியாற்றுக்கு ஹெலிகாப்டரில் போய்த் தங்கிப் பழகியதுண்டு. 2018 ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்கு இந்த ஆட்டத்தின் முதல் தங்கத்தை வாங்கிக்கொடுத்த கிக்கன் ராண்டல், ஜெஸ்ஸி டிகின்ஸ் இருவருக்கும் பழகிய இடம் அது. ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் மலையடியில் சுரங்கம் போலக் கட்டி உள்ளே செயற்கைப் பனி பரப்பி வைத்திருக்கிறார்கள்.

சரி, இதெல்லாம் எங்கே, என்ன என்கிற கதை. எனக்குப் பிடித்தது வேறொன்று. பியோர்கனின் நாட்குறிப்பில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க அவர் செய்த பயிற்சியில் 90 சதவீதத்துக்கும் மேல் மெதுவானது. பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகும் வேகம். ஏற்றம் வந்தால் ஓடாமல் நடப்பார்கள். உலகிலேயே வேகமான மனிதர்கள் வருடம் முழுக்க மெதுவாகப் போய் எப்படி வேகமாகிறார்கள்?

பதில் லாக்டேட்டில் இருக்கிறது. லாக்டிக் அமிலம் உடலுக்குள் இருக்கும் வடிவம் அது. பள்ளியில் படித்திருப்போம்: ஆக்சிஜன் போதாதபோது தசையில் லாக்டிக் அமிலம் சேரும், அதுதான் களைப்பு, அதுதான் வலி. பாடப்புத்தகம் இன்றும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறது. இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு தவளையில் போய் நிற்கும்.

புளித்த பாலில் லாக்டிக் அமிலத்தை 1780இல் கண்டவர் ஸ்வீடனின் ஷீலெ. 1807இல் பெர்சீலியஸ், வேட்டையில் துரத்திக் கொல்லப்பட்ட மானின் தசையில் அதையே கண்டார். பிறகு ஓட்டோ மையர்ஹோஃப், ஆர்ச்சிபால்ட் ஹில் இருவரும் தவளையின் தசையை வெட்டியெடுத்து, அது சுருங்கும்போது என்ன நடக்கிறது என்று அளந்தார்கள். தசை சுருங்கச் சுருங்க லாக்டிக் அமிலம் ஏறியது; ஒரு கட்டத்தில் தசை ஓய்ந்தது. அருமையான வேலை, 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. ஆனால் அந்தத் தசைக்கு இரத்த ஓட்டம் இல்லை. உடலோடு தொடர்பு அறுந்த தசை அது. உண்டான லாக்டேட் வெளியே போக வழியே இல்லை. வழி இல்லாத இடத்தில் எதுவும் குப்பையாகத்தானே தெரியும்!

உயிருள்ள உடலில் நடப்பது இது. தசை குளுக்கோஸைப் பத்துப் படிகளில் உடைத்து பைருவேட் ஆக்குகிறது. அதில் கிடைக்கும் லாபம் சொற்பம்: ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்). பைருவேட், செல்லின் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் முழுதாக எரிந்தால் மொத்தம் 30க்கு மேல் கிடைக்கும். ஆனால் வேகம் கூடும்போது உடைக்கும் வேலை எரிக்கும் வேலையை முந்திவிடுகிறது. உடைக்கும் பத்துப் படிகள் நிற்காமல் ஓட என்ஏடி என்ற துணை மூலக்கூறு காலியாகத் திரும்பி வந்துகொண்டே இருக்க வேண்டும். பைருவேட் லாக்டேட்டாக மாறும்போது அது விடுபடுகிறது. ஆக லாக்டேட் விபத்தில் உண்டானதல்ல. வேலை நிற்காமல் இருக்கத் தசை செய்துகொள்ளும் ஏற்பாடு. முக்கியமாக, குளுக்கோஸில் இருந்த ஆற்றலில் பெரும்பங்கு இன்னும் அந்த லாக்டேட்டுக்குள்தான் இருக்கிறது.

விறகடுப்பு இருந்த வீடுகளில் பாதி எரிந்த கொள்ளியைத் தண்ணீர் தெளித்து அணைத்துக் கரியாகச் சேர்த்து வைப்பார்கள். இஸ்திரிக்காரர் வந்து வாங்கிப் போவார். அவர் பெட்டியில் அது மறுபடி கனன்று எரியும். லாக்டேட் அந்தக் கரிதான். அடுப்புக்கு மிச்சம், பெட்டிக்கு எரிபொருள்.

பெட்டி யாருடையது? மெதுவாகச் சுருங்கும் தசை இழைகள், இதயம். இவற்றில் மைட்டோகாண்ட்ரியா அதிகம். தசைச் செல்லின் சவ்வில் லாக்டேட்டுக்கென்றே தனிக் கதவுகள் உண்டு. வேகமான இழைகளில் எம்சிடி-4 என்ற வகை அதிகம். அது வெளியே அனுப்பத் தோதானது. மெதுவான இழைகளிலும் இதயத்திலும் எம்சிடி-1. உள்ளே இழுக்கத் தோதானது. ஒரு பக்கம் அனுப்பும் கதவு, மறுபக்கம் வாங்கும் கதவு, நடுவில் இரத்த ஓட்டம். கலிஃபோர்னியாவின் உடலியல் ஆய்வாளர் ஜார்ஜ் ப்ரூக்ஸ் 1980களில் இந்தப் போக்குவரத்தை எடுத்துச் சொன்னபோது பலர் முகம் சுளித்தார்கள்.

இப்போது ஸ்கீ வீரரிடம் திரும்பலாம். கையில் தசை குறைவு, வேகமான இழைகள் அதிகம், இரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் திறனும் காலைவிடக் குறைவு. கோலை ஊன்றித் தள்ளும்போது கை லாக்டேட்டைக் கக்கும். கால் தசையோ பெரியது, மைட்டோகாண்ட்ரியா நிறைந்தது. ஒன்று உற்பத்தியாளர், மற்றது நுகர்வோர், இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

2003இல் வெளியான ஓர் ஆய்வு இதை அப்படியே அளந்து காட்டியது. தேர்ந்த ஸ்கீ வீரர்கள் 6 பேரைக் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் ரோலர் ஸ்கீயில் ஓடவிட்டார்கள். தமனியிலும், கையிலிருந்தும் காலிலிருந்தும் திரும்பும் சிரைகளிலும் குழாய் செருகி, போகும் இரத்தத்தையும் வரும் இரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். கையும் காலும் மாறி மாறி இயங்கும் நடையில் 40 நிமிடம். கை லாக்டேட்டைக் கொட்டிக்கொண்டே இருந்தது. கால் கிட்டத்தட்ட அதே அளவை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. உறிஞ்சியதில் ஏறக்குறைய முழுதையும் எரித்துவிட்டது. உடல் முழுக்க லாக்டேட் பெருவெள்ளமாக உற்பத்தியானபோதும் இரத்தத்தில் அளவு லிட்டருக்கு 2.5 மில்லிமோல் பக்கம்தான் நின்றது. ஓய்வில் இருக்கும் நம் உடலில் அது 1 அளவில் இருக்கும். பிறகு காலை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் மட்டும் தள்ளச் சொன்னார்கள். லாக்டேட் ஏறியது. நுகர்வோர் கடையை மூடினால் சரக்கு தேங்கத்தானே செய்யும்?

மெதுவான பயிற்சியின் வேலை இங்கேதான். பேசிக்கொண்டே போகும் வேகத்தில் மணிக்கணக்கில் இயங்கும்போது தசைச் செல்லுக்குள் கால்சியம் திரும்பத் திரும்ப ஏறி இறங்குகிறது, ஆற்றல் இருப்பு லேசாகக் குறைகிறது. செல் இந்தச் சமிக்ஞைகளைப் படித்துப் புது மைட்டோகாண்ட்ரியா கட்டத் தொடங்குகிறது. இழைகளைச் சுற்றி நுண்குழாய்கள் பெருகுகின்றன. இதயத்தின் அறை விரிந்து ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் தள்ளுகிறது. வேகமாக ஓடினாலும் இவை நடக்கும், ஆனால் வேகத்தில் நாளைக்கு 4 மணி நேரம் தாங்காது, உடல் படுத்துவிடும். மெதுவென்றால் இன்று முடித்து நாளையும் போகலாம். சாலையோரத்தில் பயிற்சியாளர் காதுமடலில் ஊசி குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கையடக்கக் கருவியில் லாக்டேட் பார்ப்பது, வீரர் போதுமான அளவு கஷ்டப்படுகிறாரா என்று அறிய மட்டுமல்ல. மெதுவாகப் போகவேண்டிய நாளில் ஆசையில் வேகமாகப் போய்விட்டாரா என்று பிடிக்கவும்தான்.

இந்த இடத்தில் ஓர் ஆதங்கம். எங்கள் பக்கத்து உடற்பயிற்சிக் கூடம் ஒன்றின் சுவரில் 'தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும் மசாஜ்' என்று விலைப்பட்டியலோடு ஒட்டியிருக்கிறார்கள். மறுநாள் தொடை வலிக்கும்போது அங்கே தேங்கிய லாக்டேட் எதுவும் இருக்காது. ஓட்டம் நின்று ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் எரிந்தோ, கல்லீரலில் மறுபடி குளுக்கோஸாக மாறியோ போயிருக்கும். மறுநாள் வலி, இறக்கத்தில் ஓடும்போது இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்திலிருந்து வருவது. மசாஜ் சுகமாக இருக்கும், தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். இல்லாத ஒன்றை வெளியேற்றக் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொரு ஆதங்கம் பெரியது. ஆறு பேரின் தமனியில் குழாய் செருகி ரோலர் ஸ்கீ ஓட்டுவதற்கு நிதி கேட்டு நம் ஊரில் ஒருவர் விண்ணப்பித்தால், "இதனால் என்ன பயன்?" என்ற ஒற்றை வரியில் கோப்பு மூடப்படும் என்று நினைக்கிறேன். லாக்டேட்டை எரிபொருளாகப் பார்க்கத் தொடங்கியதால்தான் மூளை அதைத் தின்பதும், புற்றுநோய்ச் செல்கள் அதைப் பரிமாறிக்கொள்வதும் இன்று தீவிரமாக ஆராயப்படுகின்றன. பயனை முன்கூட்டியே எழுதித் தரச் சொன்னால் தவளையோடேயே நின்றிருப்போம்.

கடைசியாக ஒன்று. கால் சும்மா இருந்தால் லாக்டேட் ஏறும் என்றால், கையால் மட்டும் தள்ளி யாரும் நீண்ட தூரம் போகக் கூடாது அல்லவா? ஸ்வீடனின் வாசலோபெட் பந்தயம் சேலனிலிருந்து மூரா வரை 90 கிலோமீட்டர். இப்போது அதில் முன்னணியில் வருபவர்கள் ஸ்கீயில் பிடிமான மெழுகே பூசுவதில்லை. முழுத் தூரத்தையும் இரண்டு கோல்களையும் சேர்த்துத் தள்ளியே கடக்கிறார்கள். கோடையெல்லாம் ரோலர் ஸ்கீயில் அதையே செய்து, கைத் தசைக்குள்ளும் காலுக்கு ஈடான மைட்டோகாண்ட்ரியாவை வளர்த்துக்கொண்டார்கள்; கை தன் கரியில் ஒரு பங்கைத் தானே எரிக்கிறது. காலும் முழுதாகச் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு தள்ளலுக்கும் முன்னால் குதிகாலை உயர்த்தி உடல் எடையைக் கோல்மேல் விழவைக்கிறார்கள், அதற்குக் கால் உழைத்தாக வேண்டும். பாரம்பரிய நடைப் பந்தயங்களில் அந்த நடையே மறைந்துவிடும் என்று பயந்த சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2016இல் விதியைத் திருத்தியது. கூட்டமைப்பின் பாரம்பரிய நடைப் பந்தயங்களில் கோலின் நீளம் வீரரின் உயரத்தில் 83 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாதையில் குறிப்பிட்ட ஏற்றங்களில் இரண்டு கைகளாலும் சேர்த்துத் தள்ளவும் தடை.